தோல் செட்டில் செத்தவர், பஞ்சு செட்டில் பிழைத்தவர்

அந்த ஆண்டு ஊட்டியில் சீசன் முடிந்த பிறகும் கூட்டம் குறையவில்லை. வந்தவர்கள் பூங்காவைப் பார்க்கவில்லை, ஏரியில் படகு ஏறவில்லை. எமரால்டிலிருந்தும் குன்னூரிலிருந்தும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, நேரே காந்தலில் இறங்கி, ஒரு பழைய உருளைக்கிழங்கு குடோன் வாசலில் வரிசை கட்டினார்கள். குடோனுக்குள் கிழங்கு தீர்ந்து வெகுநாளாயிற்று. இப்போது சித்தர் இருந்தார்.

ஒலிச்சித்தர் ஞானசேகரன் என்று பெயர். வாசலில் பலகை தொங்கியது: ‘கடல் கடந்த குரல் கேட்கப்படும். செவ்வாய், வெள்ளி. செருப்பைக் கழற்றிவிட்டு வரவும்.’ செருப்பை மட்டும்தான் கழற்றச் சொன்னார். மூளையையும் அதோடு சேர்த்து விட்டுவிட்டுப் போனது மக்களாகச் செய்த ஏற்பாடு.

மக்களைக் கேலி செய்கிறேன் என்று கோபிக்காதீர்கள். அவர்கள் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த சனங்களை, இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பங்கு பிரித்துக்கொண்டன. ஒரே வீட்டில் அண்ணனுக்குக் கப்பல், தம்பிக்குக் காத்திருப்பு. மனைவிக்கு ராமேசுவரம், கணவனுக்கு அங்கேயே லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடு. இப்படிப் பாதிப் பாதியாக வந்து நீலகிரியில் ஏறியவர்கள்தான் அந்த வரிசையில் நின்றவர்கள். எண்பத்துமூன்று ஆடியில் அங்கே கலவரம் வந்தது. அதோடு கடிதம் நின்றது. புதிதாகக் கப்பலில் வந்தவர்கள் எரிந்த லயங்களைப் பற்றிச் சொன்னார்கள். யார் யார் உள்ளே இருந்தார்கள் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. அதனால் இங்கே ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்வி அடுப்பு மாதிரி எரிந்துகொண்டிருந்தது. ஆள் இருக்கிறாரா, இல்லையா?

அந்தக் கேள்விக்கு நேர் எதிரே கடை போட்டார் ஞானசேகரன்.

கடையின் சரக்கு ஒரு மரப்பெட்டி. மேலே சிவப்புப் பட்டு, பட்டின்மேல் எலுமிச்சம்பழம், ஒரு குட்டி சிவப்பு பல்பு. பெட்டியின் பக்கத்தில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டையில் செருகுவதற்கு இரண்டு ஹெட்போன்கள். இரண்டுமே காதை முழுசாக மூடுகிற ரகம். உள்ளே பேசுவது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக்கூடக் கசியாது. மடக்கினால் ஜோல்னாப் பைக்குள் அடங்கிவிடும். ஒன்றுக்குக் காதைச் சுற்றிக் கறுப்புத் தோல் மெத்தை. சித்தர் அதற்குப் பரலோக செட் என்று பெயர் வைத்திருந்தார். இன்னொன்றுக்கு மஞ்சள் பஞ்சு, அதுவும் ஒரு பக்கம் பிய்ந்தது. அது பூலோக செட். சனங்களுக்கு அவ்வளவு நீளப் பெயர் வாயில் நுழையவில்லை. தோல் செட்டு, பஞ்சு செட்டு என்றார்கள்.

இதற்குச் சித்தர் ஒரு தத்துவம் வைத்திருந்தார்.

“உயிரோடு இருப்பவன் குரல், உடம்பு என்னும் சுவரைத் தாண்டி வரவேண்டும். ஆகையால் கரகரக்கும். அதைப் பஞ்சு செட் பிடிக்கும். மாண்டவனுக்கு உடம்பேது? சுவரேது? அவன் குரல் கண்ணாடி போலத் தெளிவாக வரும். அதைத் தோல் செட் பிடிக்கும். யாருக்கு எதைப் போடவேண்டும் என்பதைப் பெட்டி எனக்கு உணர்த்தும்.”

அதாவது சத்தம் மோசமாக இருந்தால் ஆள் நலம். சத்தம் நன்றாக இருந்தால் ஆள் காலி. ஹெட்போன் வாங்குகிற உலகம் முழுவதும் தெளிவான சத்தத்துக்கு அலைகிறது. காந்தலில் மட்டும் தெளிவாகக் கேட்டால் ஒப்பாரி வைத்தார்கள்.

சித்தருக்குப் பக்கத்தில் கந்தப்பன் என்று ஓர் ஆள். அவனும் தோட்டத்திலிருந்து வந்தவன்தான். அங்கே விடிகாலையில் பெரட்டுக் களத்தில் தொழிலாளர்களை நிற்கவைத்துக் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவர் “இருக்கேன் சாமி” என்று சொன்னால்தான் அன்றைக்கு வேலை, அன்றைக்குக் கூலி. கந்தப்பனுக்கு அந்த ராகம் அத்துப்படி. வந்தவர் சொல்லும் பெயரை அதே ராகத்தில் இழுத்துக் கூப்பிடுவான். மறுகணம் ஹெட்போனுக்குள் ஓர் ஆண்குரல், குளிரில் நடுங்கியபடி, “இருக்கேன் சாமி” என்னும். பிறகு, “புள்ளைகளப் பாத்துக்க. கவலப்படாத. இங்க மழ ஜாஸ்தி.” அவ்வளவுதான் செய்தி.

அந்த இரண்டு சொல்லைத் தோட்டத்தில் ஆயிரம் பேர் சொன்னாலும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். விடிந்தும் விடியாத நேரம், வெறும் வயிறு, மேலே ஒரு கம்பளி. எல்லோருக்கும் ஒரே குளிர், ஒரே பயம், ஆகவே ஒரே குரல். அதைக் கேட்ட மாத்திரத்தில் இங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கண் நிறைந்துவிடும். அழ ஆரம்பித்தவர் குரலை எங்கே அடையாளம் பார்ப்பது? மனைவி புருஷன் குரல் என்றாள். தாய் மகன் குரல் என்றாள். ஒருவர் தன் மாமியார் குரல் என்று சத்தியம் செய்தார். ஆண்குரலாக இருக்கிறதே என்று கேட்டதற்கு, “அங்கிட்டு மழ ஜாஸ்தின்னு அவுகளே சொன்னாகல்ல, சளி கட்டியிருக்கும்” என்றார்.

இந்தப் பக்திக்கு விஞ்ஞானத்தின் துணையும் கிடைத்தது. லோயிஸ் என்று ஒருவர், ஃபாக்டரியில் ஸ்டோர் கிளார்க். வீட்டில் ரிக்கார்டு பிளேயர் வைத்திருந்ததால் ஒலி விஷயத்தில் அவரைப் பெரிய ஆள் என்று காந்தல் ஒப்புக்கொண்டிருந்தது. எதிரே மயில்சாமி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவர் விளக்கம் கொடுப்பார்.

“ரெண்டையும் போட்டுப் பாத்துட்டேன். தோல் செட்டுல கார்வை பிரமாதம். அடித்தொண்டைச் சத்தம் முழுசா எறங்குது. வெளிச்சத்தம் துளிகூட உள்ள வரல. பஞ்சு செட்டுல அதெல்லாம் கெடையாது. கீச்சு மட்டும்தான், அதுக்கு மேல ஒரு இரைச்சல். நியாயமாச் சொன்னா, பரலோகத்துக்கு லைன் ரொம்ப சுத்தம். பூலோகத்துக்குத்தான் லைன் சரியில்ல.”

“அதானுங்களே!” என்பார் மயில்சாமி. கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து டீக்கடை போட்டவர். அவருக்குக் கடலுக்கு அப்பால் ஒரு சொந்தமும் கிடையாது. ஆனாலும் வியாபாரம் பெருகியதில் பக்தியும் பெருகியிருந்தது. வரிசையில் நிற்கும் பெண்களிடம் விசாரிப்பார். “ஏனுங்கம்மா, உங்க ஊட்டுக்காரருக்கு இன்னும் கரகரப்புத்தானுங்களா? அடப் பாவமே. தோல் செட்டுக்காரங்களுக்கெல்லாம் மணியாட்டங் கேக்குதாமுங்க.”

பஞ்சு செட்டுக்காரர்கள் வெட்கப்பட்டுத் தலைகுனிவார்கள். உயிரோடு இருக்கும் புருஷனை வைத்துக்கொண்டு அவமானப்பட்ட பெண்களை உலகத்தில் வேறு எங்கே பார்க்க முடியும்?

சித்தர் இரண்டு செட்டிலும் பிழைத்தார். பஞ்சு செட்டுக்காரர்கள் வாராவாரம் வரவேண்டும். வரும்போது தேங்காய், அரிசி, முட்டைக்கோஸ், தேயிலைத்தூள் பொட்டலம். தோல் செட்டுக்காரர்கள் ஒரே ஒரு தடவை கொடுத்தால் போதும். செத்தவர் நிம்மதியாகப் போவதற்கு அவர் பேரில் இருக்கும் தங்கம் கடலில் சேரவேண்டும். மனைவி என்றால் தாலி. கடலில் சேர்க்கும் சிரமத்தைச் சித்தரே ஏற்றுக்கொண்டார். ஊட்டியில் கடல் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை.

மூக்கம்மா அப்படித்தான் கழற்றிக் கொடுத்தாள். போன மாதம்வரை அவள் புருஷன் இலங்கையில் இருந்தார். தோல் செட்டு மாட்டியதும் இல்லாமல் போனார். அதன் பிறகு அவளை யாரும் நல்ல காரியத்துக்குக் கூப்பிடுவதில்லை. வெறுங்கழுத்தோடு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். தாலியைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயம் உண்டு. அதற்கு இன்னொரு நாள் சண்டை போட்டுக்கொள்ளலாம். ஆனால் அதைக் கட்டுவதா கழற்றுவதா என்று ஒரு பெண்ணுக்கு உத்தரவு போட ஒரு மரப்பெட்டி யார்?

அடுத்து வந்தது தெய்வம்மாவின் முறை.

தெய்வம்மா தன் அண்ணன் பொன்னுத்துரையோடும் மதினி வேலாயியோடும் காந்தலில் குடியிருந்தாள். கணவன் வடிவேல், நோயாளித் தாய்க்குப் பயணக் காகிதம் சரியாகும்வரை அங்கேயே இருந்து கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று நின்றுவிட்டவன். ஆடிக்குப் பிறகு தகவல் இல்லை. அவள் செவ்வாய் தவறாமல் குடோனுக்குப் போனாள். போனபோதெல்லாம் பஞ்சு செட்டு, கரகரப்பு. அந்தக் கரகரப்பைக் கேட்டுத்தான் அவள் சோறு தின்றாள். அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் சித்தர் அவளை ஏற இறங்கப் பார்த்து, கண்ணை மூடி, தோல் செட்டை எடுத்து மாட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்து சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தாள். “மதினி, தெளிவாக் கேட்டிச்சு மதினி.”

வேலாயி அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். நெருப்பு மாதிரி பேசுகிறவள் என்று அவளுக்குப் பெயர். அன்றைக்குச் சத்தம் போடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

“போன வாரம் எப்பிடிக் கேட்டிச்சு?”

“கரகரன்னு.”

“அதுக்கு முந்தி?”

“கரகரன்னுதான். அடுத்த செவ்வாக்கெழம அமாவாச. அன்னிக்கி வந்து கழட்டிக் குடுக்கச் சொல்லிட்டாரு. ஏலாது மதினி. என்னால ஏலாது.”

“இன்னிக்கி என்னா வித்தியாசம்? நல்லா யோசிச்சுச் சொல்லு.”

“ஒண்ணுமில்ல. அதே பெட்டி, அதே கந்தப்பன். வெயில் நல்லா அடிச்சிச்சு, ஸ்வெட்டரக் கழட்டிக் கையில வச்சிருந்தேன்.”

வேலாயி அவள் கழுத்தைப் பார்த்தாள். ஊட்டிக் குளிரில் கழுத்துவரை பட்டன் போட்ட ஸ்வெட்டருக்குள் இத்தனை நாளும் மறைந்து கிடந்த தாலிக்கொடி, சேலைக்கு மேலே பளிச்சென்று கிடந்தது.

“அப்ப ஸ்வெட்டர் போட்டா வடிவேலு இருக்காரு. கழட்டுனா செத்துப் போறாரு. அப்பிடித்தானே?”

தெய்வம்மாவுக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ளும் நிலையில் அவள் இல்லை. வேலாயிக்குப் புரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை வேலாயியே கிளம்பினாள். தாலியை எடுத்துச் சேலைக்கு வெளியே, ஊர் பார்க்கப் போட்டுக்கொண்டாள். புருஷன் பொன்னுத்துரையை மயில்சாமி கடையில் உட்காரவைத்து, கூப்பிட்டால் மட்டும் வா என்றாள். பொன்னுத்துரை சாது. எங்கே உட்காரச் சொன்னாலும் உட்காருவார்.

“யாரம்மா வேண்டும்?” என்றார் சித்தர்.

“எம் புருசனுங்க. பொன்னுத்துரை.”

சித்தரின் கண் தாலிக்குப் போனது, மூடியது, திறந்தது. தோல் செட்டை மாட்டினார். கந்தப்பன் ராகம் போட்டான். “பொன்னுத்துரேய்!” காதுக்குள் “இருக்கேன் சாமி” என்றது. மணியாகத்தான் கேட்டது. மழை ஜாஸ்தி என்றும் சொன்னது.

“தாயே, அவர் நம்மை விட்டுப் போய்விட்டார்” என்றார் சித்தர்.

“எங்கயும் போவல சாமி. எதுத்தாப்புல டீ குடிக்கிறாரு. ஏங்க, இங்க வாங்க!”

பொன்னுத்துரை கிளாஸைக் கையில் பிடித்தபடியே வந்து கும்பிட்டு நின்றார். வேலாயி எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். முடிந்தது கதை என்றுதான் நினைத்தாள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். நம் சனங்களை நாம் எப்போதுமே குறைத்து மதிப்பிட்டுவிடுகிறோம்.

“ஐயோ பொன்னுத்துரே!” என்று ஒரு கிழவர் வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு குலுங்க ஆரம்பித்தார். “செத்தது தெரியாம நடமாடுறியேப்பா!”

“உண்மை!” என்றார் சித்தர். பாய்ந்து பிடித்துக்கொண்டார். “உடம்பு இருக்கிறது. உள்ளே ஆள் இல்லை. பெட்டி பொய் சொல்லாது! அமாவாசைக்கு வந்து நீயும் தாலியைக் கழற்று!”

“கரெக்ட்” என்றார் லோயிஸ். “ரேடியோவுல லைட்டு எரிஞ்சா ஸ்டேஷன் இருக்குதுன்னு அர்த்தமா? பொன்னுத்துரை கேஸும் அதேதான். லைட்டு எரியுது, அவ்வளவுதான்.”

“நான் இருக்கேனுங்களே” என்றார் பொன்னுத்துரை. யாரும் காதில் வாங்கவில்லை. அவர் நிற்கிற பக்கத்திலிருந்து கூட்டம் கொஞ்சம் விலகியது.

அன்று முதல் பொன்னுத்துரையின் பாடு பெரும்பாடாகிவிட்டது. காய்கறி மண்டியில் மூட்டை தூக்கப் போனால் மேஸ்திரி யோசித்தான். பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள் எழுந்துகொண்டாள். குன்னூரிலிருந்து பெரியப்பா மகன் மாலை வாங்கிக்கொண்டு வந்து, யாருக்குப் போடுவது என்று விளங்காமல் பொன்னுத்துரை கையிலேயே கொடுத்துவிட்டுப் போனான். மயில்சாமி கடையில் டீ கேட்டதற்குக் கைகூப்பிவிட்டார்.

“தப்பா நெனச்சுக்காதீங்க. செத்தவங்களுக்கு டீ குடுத்துப்போட்டு, அப்புறம் அந்தக் கெளாஸுல யாருக்குங்க நான் ஊத்தறது? யாவாரத்தைப் பாக்கோணுமல்லங்க.”

திங்கட்கிழமை சாயங்காலம் பொன்னுத்துரைக்கே சந்தேகம் வந்துவிட்டது. “வேலாயி, எனக்குக் கையெல்லாம் சில்லுன்னு இருக்குது.”

“ஊட்டியில எல்லாருக்கும் சில்லுன்னுதான் இருக்கும். பேசாமச் சாப்புடுங்க.”

தெய்வம்மா சாப்பிடவில்லை. தாலியைக் கையில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அண்ணன் கண்ணெதிரே சோறு தின்கிறான், அவனையும் பெட்டி செத்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறது, இது அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்தத் தெளிவான குரல் அவள் காதை விட்டுப் போகவில்லை. பயம் பிடித்த மனசு அப்படித்தான். ஆறுதலை நம்பாது, மிரட்டலை நம்பிவிடும்.

அமாவாசை விடிந்தது. குடோன் நிரம்பி வழிந்தது. ஒரே நாளில் இரண்டு தாலி. நாத்தனார் ஒன்று, மதினி ஒன்று. தட்டில் மஞ்சள் துணி விரித்து வைத்திருந்தான் கந்தப்பன். பொன்னுத்துரையின் சொந்தங்கள் ஒரு பக்கம் உட்கார்ந்து, ஆரம்பிக்கலாமா என்று தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார்கள். பொன்னுத்துரையும் அவர்களோடுதான் உட்கார்ந்திருந்தார்.

வேலாயி எழுந்து கும்பிட்டாள். “சாமி, நாங் கழட்டித் தர்றேன். அதுக்கு முன்ன ஒருக்கா அவரு சத்தத்தக் கேக்கணும். எங் காது சரியில்ல. லோயிஸ் சார் கேட்டுச் சொல்லட்டும். சத்தம் தெரிஞ்சவரு அவருதானே.”

கூட்டம் ஆமோதித்தது. லோயிஸ் ஏற்கெனவே எழுந்துவிட்டார். சித்தரால் மறுக்க முடியவில்லை. தோல் செட்டை மாட்டினார்கள், கந்தப்பன் ராகம் போட்டான். லோயிஸ் கண்ணை மூடித் தலையாட்டினார்.

“அருமையா இருக்கு. ஆள் போயிட்டாரு.”

சொந்தங்கள் ஓவென்று ஒப்பாரி வைத்தார்கள். வேலாயி சட்டென்று பிளக்கை உருவினாள். பஞ்சு செட்டை லோயிஸ் தலையில் கவிழ்த்து, அதன் பிளக்கை அதே ஓட்டையில் செருகினாள். உள்ளே பேச்சு ஓடிக்கொண்டேதான் இருந்தது. லோயிஸ் முகம் சுளித்தார்.

“மழ ஜாஸ்திங்கறாரு. ஆனா கரகரங்குது. கீச்சு தாங்கல.” கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். “அப்படின்னா ஆள் இருக்காரு.”

ஒப்பாரி நின்றது. மூக்கைச் சிந்திக்கொண்டார்கள். வேலாயி மறுபடி தோல் செட்டை மாற்றி, கந்தப்பனைக் கூப்பிடச் சொன்னாள்.

“போயிட்டாரு.”

ஒப்பாரி. மறுபடி பஞ்சு.

“இருக்காரு.”

பொன்னுத்துரை தன் நெஞ்சில் கைவைத்துப் பார்த்துக்கொண்டார். சொந்தங்கள் களைத்துப் போனார்கள். அந்தக் கிழவர் மட்டும் அழுகையைப் பாதியில் நிறுத்தி வைத்திருந்தார்.

“ஆன்மா ஊசலாடுகிறது!” என்று கத்தினார் சித்தர். “போவதா இருப்பதா என்று தவிக்கிறது! தாமதிக்காதே தாயே, கழற்று!”

“ஆமாமா, ஊசலாடுது” என்று கூட்டமும் தலையாட்டியது. பிளக்கை மாற்றியது வேலாயி, ஊசலாடியது ஆன்மா! இந்த மக்களுக்கு எதைக் காட்டினால் விளங்கும்? வேலாயிக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பித் தெய்வம்மாவைப் பார்த்தாள். அவள் கை தாலிக் கொக்கியைத் தேடிக்கொண்டிருந்தது.

வேலாயி பிளக்கை மாற்றி, தோல் செட்டைத் திரும்பவும் லோயிஸ் தலையில் அழுத்தினாள். நிமிர்ந்து நின்று, பெரட்டுக் களமே அதிரும்படி அவளே ராகம் போட்டாள்.

“ஞானசேகரேன்!”

கந்தப்பன் இதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் எத்தனை மாதப் பழக்கம்! பேர் கேட்டதும் மேசைக்கு அடியில் அவன் கால் தானாக எதையோ அழுத்திவிட்டது.

லோயிஸின் முகம் மாறியது. கையை உயர்த்தி எல்லாரையும் அமைதியாக இருக்கச் சொன்னார். ஒலி விஷயத்தில் அவர் யாருக்காகவும் பொய் சொல்லமாட்டார். “இருக்கேன் சாமிங்கறாரு. நல்ல கார்வை. இரைச்சலே இல்ல.” செட்டைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டார். “சித்தர் நம்மள விட்டுப் போயிட்டாரு.”

பிறகு கிழவர், நிறுத்தி வைத்திருந்த அழுகையை இந்தப் பக்கம் திருப்பிவிட்டார். “ஐயோ சாமீ! எங்களயெல்லாம் உட்டுட்டுப் போயிட்டீகளே!”

மொத்தக் கூட்டமும் எழுந்தது. கிண்டலுக்கு இல்லை, மெய்யான பக்தி. இதுதான் விசேஷம். ஒருவர் பொன்னுத்துரை கையில் வாடிக் கிடந்த மாலையை வாங்கிச் சித்தர் கழுத்தில் போட்டார். இரண்டு பேர் அவரைப் பலகையில் சாய்த்து, கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினார்கள். நெற்றியில் காசு ஒட்டவைத்தார்கள். முறைப்படி, செத்தவர் பேரில் இருக்கும் தங்கம் கடலில் சேரவேண்டுமே. மோதிரத்தையும் சங்கிலியையும் மரியாதையாகக் கழற்றி மஞ்சள் துணியில் வைத்தார்கள்.

“விடுங்கய்யா! நான் சாகல! உசுரோட இருக்கேன்!”

“அதையேதானுங்க பொன்னுத்துரையும் சொன்னாரு” என்றார் மயில்சாமி, கண்ணைத் துடைத்தபடி. “செத்தது உங்களுக்குத் தெரியாதுங்க சாமி. வருத்தப்படாதீங்க. இந்தப் பக்கம் கொஞ்சந் திரும்புங்க, தாடையைக் கட்டோணும்.”

யாரோ மூக்கில் வைக்கப் பஞ்சு இல்லையே என்றார்கள். யாரோ பூலோக செட்டிலிருந்து ஒரு கொத்தைப் பிய்த்துக் கொடுத்தார்கள். வெளியே பாடைக்கு மூங்கில் வெட்டப் போகும் பேச்சு கேட்டது. அதுவரைக்கும்தான் சித்தரின் தத்துவம் தாங்கியது. தாடைக்கட்டைப் பிய்த்து எறிந்தார்.

“அட மடையனுங்களா! அது டேப்புடா! வெறும் டேப்பு! பேசுறது இந்தக் கந்தப்பன்! தோல் செட்டு நல்ல செட்டு, பஞ்சு செட்டு மழையில நனஞ்சு கெட்டுப்போன செட்டு! சத்தியமா அவ்வளவுதான்டா! என்னைத் தூக்கிடாதீங்கடா!”

கந்தப்பன் வாசலைப் பார்த்தான். வாசலில் மூக்கம்மா நின்றாள். உட்கார்ந்துவிட்டான்.

வேலாயி சிவப்புப் பட்டை இழுத்தாள். எலுமிச்சம்பழம் உருண்டு ஓடியது. பெட்டிக்குள் தெய்வமும் இல்லை, ஆவியும் இல்லை. கைக்கு அடக்கமான ஒரு கேசட் பிளேயர், அதிலிருந்து மேசைக்கு அடியில் காலால் அழுத்தும் பொத்தானுக்குப் போகும் ஓர் ஒயர். அவள் தன் காலாலேயே அழுத்தினாள். இந்தத் தடவை பேரே கூப்பிடவில்லை. லோயிஸ் மடியில் கிடந்த செட் மெல்லியதாக “இருக்கேன் சாமி” என்றது. எந்த ஆள் என்றுதான் சொல்லத் தெரியவில்லை.

மூலையில் சாக்குக்கு அடியில் ஒரு பிஸ்கட் தகரம் இருந்தது. கடலில் சேர்ந்த தாலிகள் எல்லாம் அதில் சேர்ந்திருந்தன. பெண்கள் சுற்றி உட்கார்ந்து அவரவருடையதைத் தேடி எடுத்தார்கள். ஒரு குரலை நம்பிப் புருஷனைச் சாகக் கொடுத்தவர்கள், அதே கையால் அவனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

தெய்வம்மா மதினியின் தோளில் முகம் புதைத்து அழுதாள். “அப்ப அவரு இருக்காரா மதினி?”

இந்த இடத்தில் நான் ஒரு பொய் சொல்லலாம். வேலாயி சொல்லவில்லை.

“தெரியலடி. எனக்கும் தெரியல, ஒனக்கும் தெரியல, இந்தக் களவாணிக்கு மொதல்லயே தெரியல. நாளைக்கிக் கலெக்டர் ஆபீசுல போயி எழுதிக் குடுப்போம். மண்டபம் கேம்புக்குத் தந்தி அடிப்போம். கப்பல்ல வர்ற ஒவ்வொருத்தரையா நிறுத்திக் கேப்போம். தெரியிற வரைக்கும் அவரு இருக்காரு.”

தெய்வம்மா ஸ்வெட்டரைப் போட்டுப் பட்டனை மாட்டிக்கொண்டாள். வெகு நாளைக்குப் பிறகு, பசிக்கிறது என்றாள்.

போலீஸுக்கு ஆள் போயிருந்தது. அதுவரை சித்தரின் கால்விரல் கட்டை யாரும் அவிழ்க்கவில்லை. அது பக்தியா கோபமா என்று விசாரிக்க எனக்கு நேரமில்லை. நான் மூக்கம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தகரத்திலிருந்து தன்னுடையதை எடுத்து, முந்தானையில் துடைத்து, எல்லாரும் பார்க்கத் தானே கழுத்தில் கட்டிக்கொள்ளப் போனாள்.

மயில்சாமி பதறிக்கொண்டு வந்தார். “ஏனம்மணி, அவசரப்படாதீங்க. கழட்டுன தாலியத் திரும்பக் கட்டறதுன்னா சும்மாங்களா? நல்ல நாள் பாக்கோணும். நாலு பேரைக் கேக்கோணும்.”

“ஆமா, இன்னிக்கி அமாவாச வேற. கொஞ்சம் யோசிச்சுச் செய் ஆத்தா” என்றார் கிழவர்.

மூக்கம்மா கைகளைக் கழுத்துக்குப் பின்னால் வைத்தபடியே இருவரையும் பார்த்தாள்.

“கழட்டச் சொன்ன அன்னிக்கி நீங்க எல்லாரும் இங்கதானே நின்னீக? ஒருத்தராவது யோசின்னு சொன்னீகளா?”

முடிச்சை இறுக்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். கூட்டம் தலையைச் சொறிந்தது. வெறும் அரிப்பாக இருக்காது என்று நம்புவோம். வாசகர்களே, உங்கள் காதை மூட நாளைக்கு இன்னொருவன் இன்னும் நல்ல மெத்தை வைத்த செட்டோடு வருவான். காதை வேண்டுமானால் அவனுக்குக் கொடுங்கள். இரண்டு காதுக்கும் நடுவில் இருப்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எப்போதாவது எடுத்து உபயோகியுங்கள்.